செட்டிநாட்டில் எந்தத் தண்ணீர் குடித்தேன்

காரைக்குடிக்காரர்களிடம் சாப்பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால், கொஞ்ச நேரத்தில் அது தண்ணீரில் வந்து நிற்கும். "எங்க ஊர் சம்பை ஊற்றுத் தண்ணி குடிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்காதவர்கள் குறைவு. கோழி வறுவலுக்கும் கும்மாயத்துக்கும் பெரிய வீடுகளுக்கும்தான் எல்லோரும் செட்டிநாட்டுக்குப் போகிறார்கள். நான் இந்த முறை தண்ணீருக்காகவே போனேன்.

காரைக்குடி நகரத்தின் குடிநீருக்கு ஆதாரம் இந்தச் சம்பை ஊற்றுப் பகுதியில் உள்ள ஆழ்குழாய்க் கிணறுகள். தங்கிய இடத்தில் சமையலறைக் குழாயிலேயே ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தார்கள். உப்பு இல்லை, கரிப்பு இல்லை. இறங்கிய பிறகு தொண்டையில் மெல்லியதாக ஓர் இனிப்பு நிற்கிறது. தண்ணீருக்குச் சுவை கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தது, காய்ச்சி வடித்த நீருக்குத்தான் பொருந்தும். மழையாக விழுந்து மண்ணுக்குள் இறங்குகிற தண்ணீர், போகிற வழியெல்லாம் கால்சியம், மெக்னீசியம், சோடியம், இரும்பு என்று அகப்பட்டதைக் கரைத்துக்கொண்டு போகிறது. ஊருக்கு ஊர் பாறையும் மண்ணும் மாறுவதால் சுவையும் மாறுகிறது. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடிக்க நன்றாக இருக்கும், 1000-ஐத் தாண்டினால் வாய்க்குப் பிடிக்காமல் போகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிகக் குறைந்துபோனாலும் சப்பென்று ஆகிவிடும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 ஏற்கத்தக்க அளவாக 500 என்று வைத்திருக்கிறது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 2000 வரை போகலாம்.

அப்படி வேறு ஆதாரம் இல்லாத ஊர்களில் வீட்டு வேலை எப்படி நடக்கிறது என்பதை, தேவகோட்டையைத் தாண்டிக் கிழக்கே ஒரு கிராமத்தில் பார்த்தேன். தெரிந்தவர் வீடு. கை கழுவப் போனவன் அப்படியே ஒரு வாய் குடிக்கக் குனிந்தேன். "ஐயோ, அது பொழங்குற தண்ணி தம்பி, வாயில வைக்காதீங்க" என்று அந்த வீட்டு அக்கா ஓடி வந்தார். குழாயின் வாயைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் பாத்திரங்களிலும், சொட்டுகள் காய்ந்த இடமெல்லாம் வெள்ளை வட்டம். நாக்கில் பட்ட அந்த ஒரு துளியே கரித்தது. இந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, தலைமுடி பிசுபிசுக்கும். அக்காவுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய குறை பருப்பு வேகாததுதான். தண்ணீரில் உள்ள கால்சியம், பருப்பில் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருளோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகிறது. எத்தனை விசில் விட்டாலும் குழையாது. அதனால் உலைக்கும் குடிக்கவும் மட்டும் தனிக்குடம்.

அந்தக் குடத்தில் இருந்தது காவிரி. திருச்சிப் பக்கத்திலிருந்து ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் குழாய் வழியாக இந்த வறண்ட சீமை வரைக்கும் வருகிறது. உப்புக் குறைந்த நல்ல ஆற்றுநீர். ஆனால் இவ்வளவு தூரம் வரும்போது கிருமி சேராமல் இருக்கக் குளோரின் போட்டாக வேண்டும். அந்த வாடை முதல் வாயில் தெரியும். அக்கா அதற்குச் செய்வது சுலபம்: அகன்ற அண்டாவில் பிடித்து, மெல்லிய துணியால் மூடி, ராத்திரி முழுக்க வைத்துவிடுகிறார். காலையில் வாடை போயிருக்கும். நான் குடித்தது அந்தக் காலைத் தண்ணீர். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அங்கிருந்து கானாடுகாத்தான். ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் முற்றத்தில் நின்று கூரையைக் காட்டினார். நாலு பக்கத்து ஓட்டுக் கூரையும் உள்பக்கம் சரிந்து, மழை முழுவதும் முற்றத்துக்குள் கொட்டுகிற மாதிரிக் கட்டியிருக்கிறார்கள். முதல் மழையை அப்படியே ஓட விட்டு, கூரை கழுவிய பிறகு விழுவதைத்தான் அண்டாக்களில் பிடிப்பார்களாம். மிச்சத் தண்ணீர் முற்றத்து வாய்க்கால் வழியாகக் கிணற்றுக்கும் ஊருணிக்கும் போகும். தமிழக அரசு வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது 2003-இல். இந்த வீடுகள் அதற்குப் பல பத்தாண்டுகள் மூத்தவை. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. என்னைக் கேட்டால், பர்மா தேக்குத் தூண்களைவிட இந்த நீர் ஏற்பாட்டுக்காகவே அந்த இடம் தகும்.

ஊருணிக்கு நடந்து போனோம். செம்புராங்கல் படிகள், மேலே கைப்பிடிச் சுவர். குடிக்கிற ஊருணியில் கால் வைத்துக் கழுவக்கூடாது, மாடு இறங்கக்கூடாது, துணி துவைக்கக்கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு இருந்ததாம். கலங்கலாக இருந்தால் குடத்தின் உட்புறம் தேத்தாங்கொட்டையைத் தேய்த்து வைத்துவிட்டால் விடிவதற்குள் மண் அடியில் படிந்துவிடும். ஊருணித் தண்ணீருக்கு லேசான மண்வாசம் உண்டு. பாசியும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அதற்குக் காரணம். புதுமழையில் வருகிற அதே வாசம். "அந்த ருசிக்குப் பழகுன நாக்குக்கு கேன் தண்ணி இறங்காது தம்பி" என்றார் பெரியவர். இப்போது யாரும் இங்கே குடிக்க மொள்வதில்லை. ஊருக்கு ஊர் வரத்துக் கால் தூர்ந்து கிடக்கிறது. சில இடங்களில் அதன்மேலேயே வீட்டு மனைக் கல் ஊன்றிவிட்டார்கள். மழை பெய்தும் ஊருணிக்குத் தண்ணீர் வந்து சேராமல் போவதைப் பார்க்க மனசு ஆறவில்லை.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடை. பால் விடாமல் கேட்டேன். கண்ணாடி கிளாசில் வந்த டீ மசி போலக் கறுத்திருந்தது. தூள் அதிகமோ என்று கேட்டதற்கு, கடைக்காரர் ஒரு வாளியைக் காட்டினார். காலையில் பிடிக்கும்போது தெளிவாக இருந்த போர் தண்ணீர், மேலே செம்பழுப்பாக ஏடு கட்டியிருந்தது. இரும்பு கலந்த தண்ணீர். காற்றுப் பட்டால் துருவாகிறது, டீயின் துவர்ப்போடு சேர்ந்தால் கறுக்கிறது. பால் விட்டால் யாருக்கும் தெரிவதில்லை.

இப்போது எந்த ஊரிலும் இருபது லிட்டர் கேன் கிடைக்கிறது. ஆர்.ஓ. இயந்திரம் ஊர் மண்ணின் உப்பையெல்லாம் எடுத்துவிடுவதால் தேவகோட்டையிலும் சென்னையிலும் ஒரே சுவை. உப்புத் தண்ணீர் ஊர்களுக்கு அது தேவை, மறுக்கவில்லை. சம்பை ஊற்று வரும் காரைக்குடியிலும் சாப்பாட்டு மேசையில் கேன் தண்ணீரை வைப்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நல்ல தண்ணீரைக் குடிப்பதை நிறுத்தினால், அந்த ஊற்றைக் காப்பாற்றவும் ஆள் இருக்காது.

போகிறவர்கள் கார்த்திகை மழை ஓய்ந்த கையோடு போங்கள், ஊருணிகளில் தண்ணீர் நிற்கும். டம்ளரைக் கையில் வாங்கியதும் சம்பையா, காவிரியா, போரா என்று கேளுங்கள். வீட்டில் சமைக்கிறவர்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். கிருமிக்கும் ஃபுளோரைடுக்கும் சுவை கிடையாது, அதனால் நாக்கை மட்டும் நம்ப வேண்டாம். ஆதாரம் தெரியாத போர் தண்ணீரைத் தவிர்த்துவிடுங்கள். குழாய் நீரைக் காய்ச்சி ஆறவைத்துத் தரச் சொல்லுங்கள். கொதித்தால் கிருமி போகும், சம்பைத் தண்ணீரின் இனிப்பு எனக்கு அப்போதும் தெரிந்தது.