மேசை வாடகைக்கு

முனைவர் பட்ட ஆய்வின் முதல் ஏழு மாதம் எனக்கென்று ஒரு மேசை இல்லை. சீனியர் அண்ணன் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து அவருடைய நுண்ணோக்கி முன்னால் உட்காருவேன். என் கடற்புழுக்கள் ஜன்னல் திட்டில், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில், ஃபார்மலினில் கிடக்கும். அந்தக் கடுப்பில் இருந்த நாட்களில்தான் ஜெர்மன் விலங்கியலாளர் ஆன்டன் டோர்னைப் பற்றிப் படித்தேன். இந்த மனுஷன் வாழ்ந்ததே மேசையை வாடகைக்கு விட்டு!

1840இல் ஸ்டெட்டினில் பிறந்தவர். அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. குடும்பத்தில் சர்க்கரை வியாபாரப் பணம், அப்பாவுக்கு வண்டு சேகரிக்கும் பைத்தியம். ஜெர்மனியின் யேனாவில் ஹெக்கல் என்ற விலங்கியல் பேராசிரியரிடம் படிக்கும்போது டார்வின் கொள்கை தலைக்கேறியது.

1868இல் சிசிலியின் மெசினாவுக்கு ஆய்வுக்குப் போனார். அந்தக் காலத்தில் கடலோரம் ஆய்வு செய்யப் போகிறவர் புத்தகம், கண்ணாடிப் பாத்திரம், ரசாயனம் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டும். மீனவர்களைப் பிடிக்கவே சில நாள் ஓடிவிடும். வேலை சூடு பிடிக்கும்போது ஊர் திரும்பும் நாள் வந்துவிடும். ரயில் நிலையம் மாதிரி கடலோரங்களில் ஆய்வு நிலையங்கள் இருந்தால் எப்படி இருக்கும் என்று டோர்னுக்குத் தோன்றியது அங்கேதான்.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரசபையிடம் பேசிப் பேசி, கடலை ஒட்டிய பூங்காவில் இலவசமாக இடம் வாங்கினார். கட்டடச் செலவு அவர் பொறுப்பு. 1872இல் வேலை தொடங்கியது. அப்பாவிடம் வாங்கினார், நண்பர்களிடம் கடன் கேட்டார். டார்வினே பணம் அனுப்பினார். கீழ்த்தளத்தில் மீன் காட்சியகம் வைத்து, டிக்கெட் காசில் ஆய்வகத்தை ஓட்டிவிடலாம் என்பது கணக்கு. அந்தக் காசு போதவில்லை.

சரி என்று அடுத்த யோசனைக்குப் போனார். ஒரு மேசைக்கு ஆண்டு வாடகை இவ்வளவு என்று அரசுகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் விற்றார். பிரஷ்யா எடுத்தது, இத்தாலி எடுத்தது, கேம்பிரிட்ஜ் எடுத்தது. அவர்கள் அனுப்பும் ஆய்வாளர் வெறுங்கையோடு வந்தால் போதும். கடல்நீர், ரசாயனம், நூலகம் எல்லாம் தயார். இன்ன உயிரினம் வேண்டும் என்று சொன்னால் நிலையத்தின் ஆட்களே பிடித்து மேசைக்குக் கொண்டுவந்து தருவார்கள். ஜன்னல் திட்டுக்காரனுக்கு இதைப் படிக்கும்போது எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

1898இல் அமெரிக்கப் பெண்கள் ஒரு சங்கம் அமைத்து, பெண் ஆய்வாளர்களுக்கென்றே அங்கே ஒரு மேசைக்குப் பணம் கட்டினார்கள். நேப்பிள்ஸில் வேலை பார்த்துவிட்டுப் போன ஐடா ஹைடின் முயற்சி அது. 1909இல் டோர்ன் இறப்பதற்குள் 2,000க்கும் மேற்பட்டவர்கள் அந்த மேசைகளில் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் சால்வதோரே லோ பியாங்கோ. 14 வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்த உள்ளூர்ப் பையன். தொட்டால் சுருங்கிக்கொள்ளும் உயிர்களை, விரிந்த கோலத்திலேயே பதப்படுத்தும் வித்தை அவர் கைக்கு வந்தது. அப்படிப் பதப்படுத்திய மாதிரிகளை நிலையம் அருங்காட்சியகங்களுக்கு விற்றது. செய்முறையை 1890இல்தான் அச்சில் வெளியிட்டார்கள். நான் ஃபார்மலினில் போட்ட புழு ஒன்றுகூட நேராக இருந்ததில்லை.

டோர்னின் சொந்த ஆய்வு? கடல் சிலந்திகளைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். ஓர் உறுப்பின் உபவேலையே காலப்போக்கில் முக்கிய வேலையாகலாம் என்று 1875இல் இன்னொரு நூலில் சொன்னார். அது இன்றும் உருப்படியான யோசனை. ஆனால் அந்த 1875 நூலின் பெரிய வாதத்தை மற்றவர்கள் ஏற்கவில்லை: மண்புழு வகையறாவான வளைதசைப் புழு போன்ற ஒன்று தலைகீழாகத் திரும்பி, வயிற்றுப் பக்க நரம்புத்தண்டு முதுகுக்கு வர, முதுகெலும்பிகள் உண்டாயின என்பது அவர் கட்சி. அதாவது ஹார்லிக்ஸ் பாட்டிலில் கோணலாகக் கிடந்ததெல்லாம் நம் சொந்தக்காரர்கள். புழுவிலிருந்து வந்தோம் என்ற அளவில் தவறான கொள்கைதான். ஆனாலும் என் புழுக்களுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்த வேறு ஆள் கிடையாது.