வீட்டு விசிட் குறிப்பும் குடும்பத் திட்டமும்

குழந்தைகள் நலப் பணிக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் பழக வேண்டியது, வீட்டுக்குப் போய்ப் பார்த்ததைக் குறிப்பு எழுதுவது. "வீடு மோசம், அம்மாவுக்கு அக்கறை இல்லை" என்பது உங்கள் கருத்து. "கைக்குழந்தையின் டயப்பர் நனைந்து கனத்திருந்தது, அம்மா மாற்றப் போனார், வீட்டில் வேறு டயப்பர் இல்லை" என்பது கண்ணால் கண்டது. முதலாவது அவரைக் குற்றவாளியாக்குகிறது. இரண்டாவது, என்ன உதவி தேவை என்று சொல்லிவிடுகிறது. தேதி, நேரம், யார் யார் இருந்தார்கள், எல்லாம் அன்றைக்கே எழுதிவிடுங்கள். குழந்தை சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.

குழந்தை பாதுகாப்பாக இருக்கக் குடும்பம் என்னென்ன செய்ய வேண்டும் என்று திட்டம் போடும்போதுதான் பெரும்பாலும் கெடுகிறது. பெற்றோர் பயிற்சி, கவுன்சலிங், போதை மீட்பு, வேலை தேடல் என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் அடுக்கினால் பஸ் ஏறி இறங்கவே நாள் போய்விடும். பிறகு "ஒத்துழைக்கவில்லை" என்று ஃபைலில் ஏறும், பாவம்! குழந்தையின் பாதுகாப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட இரண்டு மூன்றை மட்டும் முதலில் எடுங்கள். யார் செய்வது, எந்தத் தேதிக்குள், நிறைவேறியது என்று எதை வைத்துச் சொல்வது என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து எழுதுங்கள். அம்மா பத்துப் பயிற்சி வகுப்புக்குப் போனார் என்பது அளவுகோல் ஆகாது. அழும் பிள்ளையை அடிக்காமல் சமாதானப்படுத்துகிறாரா என்று பாருங்கள்.

பேசத் தெரிந்த குழந்தையிடம் தனியாகப் பேசாமல் விசிட்டை முடிக்காதீர்கள்.