பொலிவியாவைத் துறைமுகத்திலிருந்து படித்தேன்

குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்கான ஒரு மாதிரித் தேர்வில், கடல் இல்லாத நாடுகளின் வளர்ச்சியைப் புவியியல் எப்படிப் பாதிக்கிறது என்று 15 மதிப்பெண் கேள்வி வந்தது. போக்குவரத்துச் செலவு கூடும், அண்டை நாட்டை நம்பி இருக்க வேண்டும், வணிகம் குறையும் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். உதாரணத்துக்குத் தென் அமெரிக்காவின் பொலிவியா, நேபாளம் என்று இரண்டு பெயர்களையும் சேர்த்தேன். தாள் திரும்பி வந்தபோது, 'பொலிவியா' என்ற சொல்லைச் சிவப்பு மையில் வட்டமிட்டு ஓரத்தில் 'எந்தத் துறைமுகம்?' என்று எழுதியிருந்தார் திருத்தியவர். மதிப்பெண் 4.

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த மூன்று வாரம் பொலிவியாவைப் படித்தேன். ஜி.எஸ். (பொது அறிவு) முதல் தாளின் பாடத்திட்டத்தில் நாட்டு எல்லைகள் மாற்றி வரையப்பட்டது வரலாற்றிலும், இயற்கை வளங்களின் பரவல் புவியியலிலும் வருகின்றன. இரண்டையும் தனித்தனி நோட்டில் எழுதும் பழக்கத்தை அந்த மூன்று வாரத்தில் விட்டேன்.

முதலில் செய்தது ஒரு குறுக்குவெட்டுப் படம். டிரேசிங் பேப்பரில் மேற்கே பசிபிக் கரையில், இன்று சிலியில் உள்ள அரிக்கா துறைமுகத்தில் தொடங்கி, கிழக்கே பொலிவியாவின் சாந்தா குரூஸ் நகரம் வரை பென்சிலால் ஒரே கோடு. கரையிலிருந்து கோடு சட்டென்று மேலே ஏறுகிறது. மேற்கு ஆண்டிஸ், அதைத் தாண்டினால் ஆல்டிபிளானோ மேட்டுநிலம், அதில் 3,812 மீட்டர் உயரத்தில் டிடிகாகா ஏரி, பக்கத்தில் சுமார் 3,600 மீட்டரில் லா பாஸ். அப்புறம் கிழக்கு ஆண்டிஸ். அதன் சரிவில் யுங்காஸ் பள்ளத்தாக்குகள். முடிவில் 400 மீட்டர் அளவுக்கு இறங்கி, சாந்தா குரூஸ் சமவெளி. இந்தக் கோட்டை ஐந்தாறு முறை வரைந்தால் போதும், கை மறக்காது. தேர்வில் இதை வரைய எனக்கு ஒன்றரை நிமிடம்தான் ஆனது.

வரைந்த பிறகு, தண்ணீர் எங்கே போகிறது என்று அம்புக்குறி போடுங்கள். எனக்குப் பாடம் திறந்துகொண்டது அங்கேதான். டிடிகாகாவிலிருந்து கிளம்பும் தெசாகுவதேரோ ஆறு போபோ ஏரியில் போய் முடிகிறது. அங்கிருந்து கடலுக்கு வழி இல்லை. நாட்டுக்குக் கடல் இல்லாதது போலவே மேட்டுநிலத்தின் தண்ணீருக்கும் கடல் இல்லை. வந்த தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த உயுனி உப்புப் பாலைக்கும், அதன் உப்புநீரில் உள்ள லித்தியத்துக்கும் காரணம் இதுதான். ஆண்டிஸுக்குக் கிழக்கே பெனி, மமோரே ஆறுகள் மதேராவாகி அமேசானில் சேர்கின்றன. பில்கோமாயோ பராகுவே ஆற்றில் சேர்கிறது. பக்கத்தில் இருப்பது பசிபிக், ஆறுகள் போவதோ அட்லாண்டிக்.

வரலாற்றையும் அதே படத்தின்மேல் ஏற்றினேன். 1545இல் பொதோசியில் வெள்ளி எடுக்கத் தொடங்கினார்கள். சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் இருந்த அந்த ஊரின் வெள்ளி, லாமா என்ற சுமை விலங்குகளின் முதுகில் அரிக்காவுக்கு இறங்கியது. 1776இல் இந்தப் பகுதியை ஸ்பெயின் புவனோஸ் ஐரிஸின் கீழ் கொண்டுவந்ததும் வெள்ளியின் வழி அட்லாண்டிக் பக்கம் திரும்பியது. ஆட்சிப் பிரிவு மாறினால் துறைமுகமும் மாறுகிறது என்று ஓரத்தில் குறித்து வைத்தேன்.

1825 ஆகஸ்ட் 6இல் விடுதலை பெற்றபோது பொலிவியாவுக்குக் கடற்கரை இருந்தது. அதாவது, அதகாமா பாலைவனக் கரை. மக்களோ மேட்டுநிலத்தில் இருந்தார்கள். நடுவில் பாலைவனம், ஒழுங்கான பாதை கிடையாது. வெடியுப்பு கிடைத்தபோது அந்தக் கரையின் துறைமுகமான அந்தோஃபகஸ்தாவுக்குப் போய்க் குடியேறியவர்களில் பெரும்பாலோர் சிலி நாட்டவர். வரியை உயர்த்துவதில்லை என்று 1874 உடன்படிக்கையில் ஒப்புக்கொண்ட பொலிவியா, 1878இல் குவின்டாலுக்கு 10 சென்ட் வரி போட்டது. வெடியுப்பு எடுத்த சிலி நிறுவனம் கட்ட மறுத்தது. 1879 பிப்ரவரி 14இல் சிலிப் படை அந்தோஃபகஸ்தாவில் இறங்கியது. 10 சென்ட் வரியால் போர் வந்தது என்று எழுதினால் பாதி விடைதான். தன் கரையைத் தன் மக்களோடு இணைக்க முடியாத நிலஅமைப்பைச் சேர்த்து எழுதினால்தான் விடை முழுமையாகும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு, நானும் விழுந்தேன். பொலிவியா இழந்தது அந்தோஃபகஸ்தா. அரிக்கா அன்று பெருவுக்குச் சொந்தமானது, அதே போரில் சிலி பிடித்தது. 1904 உடன்படிக்கையில் பொலிவியா கரையை நிரந்தரமாக விட்டுக்கொடுத்தது. பதிலுக்குக் கிடைத்தவை சரக்குக்குத் தடையற்ற வழியும், அரிக்கா–லா பாஸ் ரயில் பாதையும். ரயில் 1913இல் ஓடத் தொடங்கியது. அரிக்கா சிலிக்கே என்று 1929இல் சிலியும் பெருவும் முடிவுசெய்தபோது, ஒருவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் அந்த நிலத்தை மூன்றாம் நாட்டுக்குத் தரக்கூடாது என்றும் எழுதிக்கொண்டார்கள். ஆக, சிலியே மனம் வைத்தாலும் அந்தப் பக்கம் ஒரு பாதை கொடுக்கப் பெருவிடமும் கேட்க வேண்டும். பொலிவியா 2013இல் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. பேச்சு நடத்தும் சட்டக் கடமை சிலிக்கு இல்லை என்று 2018 அக்டோபர் 1இல் 12க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

மற்ற இழப்புகளைச் சுருக்கமாகப் படித்தால் போதும். ரப்பர் விளைந்த ஆக்ரே பகுதி 1903இல் பிரேசிலுக்குப் போனது. கடல் இல்லாத இரண்டு நாடுகள், பொலிவியாவும் பராகுவேயும், 1932 முதல் 1935 வரை இரண்டுக்கும் நடுவிலுள்ள சாக்கோ சமவெளிக்காகப் போரிட்டன. எண்ணெய் இருக்கும் என்ற நம்பிக்கையோடு, பராகுவே ஆறு வழியாக அட்லாண்டிக்கை அடையும் ஆசையும் அதில் இருந்தது. பசிபிக் வழி அடைபட்ட பிறகு கிழக்கே கதவு தேடினார்கள்.

தலைநகர் விஷயத்தையும் காரணத்தோடு படியுங்கள். அரசியலமைப்புப்படி சுக்ரே, அரசாங்கம் நடப்பது லா பாஸில். வெள்ளி சரிந்து தகரம் எழுந்தபோது, 1899 உள்நாட்டுப் போரில் சுக்ரேயின் பழைய வெள்ளிச் செல்வாக்கு தோற்றது.

புள்ளிவிவரங்களை மனப்பாடம் செய்வதில் நான் நேரம் செலவிடவில்லை. படம் ஒன்று, ஆண்டுகள் பத்துப் பன்னிரண்டு, துறைமுகப் பெயர்கள் மூன்று. வாரம் ஒருமுறை வெள்ளைத் தாளில் நினைவிலிருந்து வரைந்து, விட்டுப்போனதைச் சிவப்பில் நிரப்பினேன். அடுத்த மாதிரித் தேர்வில் இதே வகைக் கேள்வி வந்தது. முதல் வரியிலேயே அரிக்காவைக் கொண்டுவந்தேன், பக்கத்தில் குறுக்குவெட்டுப் படம். மதிப்பெண் 8.

இரண்டாவது நாடாக எத்தியோப்பியாவை எடுத்தால் எளிது. 1993இல் எரித்திரியா பிரிந்தபோது மசாவா, அசாப் இரண்டும் அதோடு போயின. இப்போது சரக்கில் பெரும்பகுதி ஜிபூட்டி வழியாகத்தான் போகிறது. அடிஸ் அபாபாவிலிருந்து ஜிபூட்டிக்கு முதல் கோட்டை இழுத்துவிட்டுப் புத்தகத்தைத் திறவுங்கள்.