விற்ற வடிகட்டியும் எழுதிக்கொடுத்த வாக்கும்

சிங்கப்பூரில் சிறியதோர் இணையச் சேவை நிறுவனத்தில் வாடிக்கையாளர் ஒப்பந்தங்களைத் தயாரித்து வந்தபோது, பிள்ளைகளுக்கு ஒவ்வாத தளங்களைத் தடுக்கப் பெற்றோருக்கு விற்கும் வடிகட்டிச் சேவையைப் போல என்னை யோசிக்கவைத்த பணி வேறில்லை. அரசின் ஊடக ஆணையம் தடுக்கச் சொல்லும் தளங்களில் குழப்பம் கிடையாது. உத்தரவு வரும், பொறியாளர் தடுப்பார். விருப்பச் சேவையாக நாங்களே விற்கும் வடிகட்டிக்கோ நாங்களே பொறுப்பு.

2010ஆம் ஆண்டின் மின்னியல் பரிவர்த்தனைச் சட்டம், 26ஆம் பிரிவில், பிறரது உள்ளடக்கத்துக்கு இணைப்பு மட்டும் தருபவரைப் பாதுகாக்கிறது. இதைப் படித்ததும் பலர் நிம்மதியடைந்துவிடுகிறார்கள். ஆனால், ஒப்பந்தத்தால் எழும் கடமைகளுக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்று அதே பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அமெரிக்காவில் 1995இல் புராடிஜி என்னும் இணையச் சேவை நிறுவனத்தின் மீது நடந்த வழக்கில், பயனாளர் பதிவுகளைக் கண்காணித்து நீக்கியதாலேயே அந்நிறுவனம் அவற்றுக்குப் பொறுப்பான வெளியீட்டாளராகக் கருதப்பட்டது. மறு ஆண்டே அங்கு இயற்றப்பட்ட தொடர்பாடல் ஒழுக்கச் சட்டத்தின் 230ஆம் பிரிவு, நல்லெண்ணத்தோடு தடுப்பவருக்குத் தனிக் காப்பு அளித்தது. நம் 26ஆம் பிரிவில் அத்தகைய வாசகம் இல்லை. தன் தளம் தவறாகத் தடுக்கப்பட்ட ஒரு கடைக்காரர் கேள்வி கேட்டால் நாங்கள் எதைக் காட்டுவது?

விற்பனைப் பிரிவினர் விளம்பரத்தில் ‘முழுப் பாதுகாப்பு’ என்று போட விரும்பினார்கள். நான் விடாப்பிடியாக மறுத்தேன். இடையில் யாரும் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கப்பட்ட இணைப்பில் தளத்தின் பெயர் எங்களுக்குத் தெரியலாம், திறக்கும் பக்கம் தெரியாது. ஆகவே தளம் முழுவதையும் தடுக்கலாம் அல்லது முழுவதையும் விடலாம். இணைப்பை மறைத்து வேறு வழியாக அனுப்பும் விபிஎன் செயலி ஒன்று போதும், வடிகட்டியைத் தாண்டிவிடலாம். ஈசூன் வட்டாரத்திலிருந்து ஒரு தந்தை அழைத்து, “மாசாமாசம் பணம் கட்டுறேங்க, அப்புறம் எப்படிப் பையன் அதைப் பார்த்தான்?” என்று கேட்டார். அவருடைய கோபம் நியாயமானது. பொய்யான விளம்பரம், பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்தின்படி நியாயமற்ற நடைமுறை. சில ஆயிரம் வெள்ளிக் கோரிக்கையானாலும் சிறிய நிறுவனத்துக்கு அது பெரிய சுமை.

அந்தத் தந்தை அடுத்துக் கேட்டதுதான் எனக்கு இன்னும் கடினமாக இருந்தது: மகன் பார்த்த தளங்களின் பட்டியல் வேண்டும் என்றார். வடிகட்டியின் பதிவுகளில் மகன் பார்த்த தளங்கள் மட்டுமன்றி, மனைவி பார்த்த மருத்துவத் தளங்களும் வாடகைக்குத் தங்கியிருப்பவர் பார்த்த தளங்களும் கலந்திருக்கக்கூடும். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தேவை முடிந்தபின் அவற்றை வைத்திருக்க எங்களுக்கு உரிமையில்லை. பணிவாக மறுத்தேன். அதன்பின், எதைத் தடுக்க இயலாது என்பதையும், பதிவுகளை யாருக்கும் தரமாட்டோம், சட்டம் கட்டாயப்படுத்தினாலன்றி என்பதையும் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே சேர்த்தேன்.