பசியாறியாச்சா?

14 ஜூலை 2025, திங்கள்

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம். பிள்ளைகளுக்குக் காலையில் நாமே பசியாறக் கொடுக்கலாமா என்ற ஒரே பேச்சில் இரவு பத்தரை ஆகிவிட்டது. பள்ளியில் 84 பிள்ளைகள். அதில் 31 பேருக்கு ஓய்வு நேரத்தில் அரசாங்கத்தின் ஆர்.எம்.டி. சாப்பாடு உண்டு, வசதியில்லாத பிள்ளைகளுக்கான கூடுதல் உணவுத் திட்டம் அது. 2023இலிருந்து தீபகற்ப மலேசியாவில் தலைக்கு 3 வெள்ளி (ரிங்கிட்) 50 காசு. மற்றவர்கள் எல்லாம் வசதியா என்ன? பாதிப் பேரின் அம்மா அப்பா பினாங்கு மாநிலத்துப் பிறை தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறார்கள்.

"பெத்த பிள்ளைக்கு ரெண்டு ரொட்டி கொடுக்க முடியாதா?" என்று லோரி வைத்திருக்கும் அண்ணன் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. சங்கத்துக்கு அதிகம் நன்கொடை தருபவர் அவர்தான்.

15 ஜூலை, செவ்வாய்

காமராஜர் பிறந்தநாள். அப்பா காலையிலேயே ஆரம்பித்துவிட்டார். 1956இல் தமிழ்நாட்டில் மதிய உணவு தொடங்கியபோது ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசியும் காசும்தான் கைகொடுத்ததாம். "தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில்ல பந்தல் போட்டு வர்றவன் போறவனுக்கெல்லாம் போடுறோம், 84 பிள்ளைக்கு முடியாதா?" என்கிறார். பந்தல் வருடத்துக்கு ஒரு முறை, அப்பா. இது தினமும். நாற்பதாவது நாள் யாரும் படம் எடுக்க வரமாட்டார்கள்.

19 ஜூலை, சனி

கணக்குப் போட்டேன். தலைக்கு 2 வெள்ளி, மாதம் 20 நாள் என்றால் 3360 வெள்ளி. உடனே ஒருவர், "ஆர்.எம்.டி. பிள்ளைங்களுக்கு ரெண்டு தடவையா? லிஸ்ட் போட்டு மத்தவங்களுக்கு மட்டும் கொடுங்க" என்றார்.

லிஸ்ட் என்றாலே எனக்கு ஆகாது. எண்பதுகளில் என் பெயரும் லிஸ்டில் இருந்தது. பெயர் கூப்பிட்டால் எழுந்து தனி வரிசையில் நிற்க வேண்டும். எத்தனையோ நாள் பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, தண்ணீர்க் குழாய் பக்கம் போய் நின்றிருக்கிறேன். அவித்த முட்டை வாசம் அங்கேயும் வரும். கூட்டத்தில் இதைச் சொல்லவில்லை. எல்லாருக்கும் கொடுத்தால் கணக்கு சுலபம் என்று மட்டும் சொன்னேன். பொருளாளர் நான் சொன்னால் நம்புகிறார்கள்.

24 ஜூலை, வியாழன்

நாங்களே சமைக்கிறோம் என்று நான்கு அம்மாக்கள் முன்வந்தார்கள். டைஃபாய்டு ஊசியும் உணவு கையாளும் பயிற்சியும் கட்டாயம் என்றதும் இருவர் நழுவிவிட்டார்கள். சரி, கேண்டீன் அக்காவே செய்யட்டும். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, முட்டை, ஒரு நாள் கடலை. மளிகைக்கடைக்காரர் மூன்று மாத அரிசிக்குப் பொறுப்பு. லோரி அண்ணனும் 500 வெள்ளி கொடுத்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே.

5 ஆகஸ்ட், செவ்வாய்

முதல் நாள். 84 பொட்டலம், சாப்பிட்டது 51 பேர். பள்ளி பஸ் வந்து நின்றதே 7.20க்கு, மணி 7.30க்கு அடித்துவிட்டது. மூன்று வாரம் காசைப் பற்றியே சண்டை போட்டோமே தவிர, பஸ்ஸை ஒருவரும் நினைக்கவில்லை. மீதிப் பொட்டலத்தை ஓய்வு நேரத்தில் கொடுத்துவிட்டார்கள்.

நாளைக் காலை பஸ் அங்கிளைப் பிடித்து, கால் மணி நேரம் முன்னால் வர முடியுமா என்று கேட்க வேண்டும்.