வீராவில் ப்ளோ ஆஃப் வால்வு: மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த ஐந்து மாதம்

என் காடி 1996 புரோட்டோன் வீரா. உள்ளே இருப்பது மிட்சுபிஷி லான்சர் ஜிஎஸ்ஆரின் 4ஜி93 டர்போ எஞ்சின், 1.8 லிட்டர், ஜப்பானிலிருந்து ஹாஃப் கட்டாக, அதாவது பழைய காடியை வெட்டி எடுத்த முன்பாதியாக, வந்தது. எஞ்சின் மாற்றியதை வாகனச் சோதனை நிலையமான புஸ்பாகோமில் காட்டி, ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவிலும் ஏற்றிச் சில வருஷம் ஆகிவிட்டது. ஜனவரியில் ஒரு நாள் கோம்பாக் தாண்டி காராக் நெடுஞ்சாலையில் ஏறிக்கொண்டிருந்தேன். மூன்றாவது கியரிலிருந்து நாலுக்கு மாற்றக் காலை எடுத்தபோது வழக்கமான மெல்லிய ‘புஸ்’ வரவில்லை. புறா சிறகடிப்பது போல் ‘தடதடதட’ என்று கேட்டது. பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம், 0.7 பார் காட்ட வேண்டிய மீட்டரும் 0.5ஐத் தாண்டவில்லை.

செந்தூலில் நான் வழக்கமாகப் போகும் போமன் (மெக்கானிக்) அண்ணன் ப்ளோ ஆஃப் வால்வைக் கழற்றினார். மேலே வேக்கம் (உறிஞ்சும் வெற்றிடம்) ஹோஸ் செருகும் மூக்கைத் துடைத்து, வாயை வைத்து உறிஞ்சினார். நல்ல வால்வாக இருந்தால் காற்று நின்று நாக்கு அதில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டவில்லை. “டயஃப்ரம் போச்சு தம்பி” என்று கையில் கொடுத்துவிட்டார். வீட்டில் மூடியை அறுத்துப் பார்த்தேன். ரப்பர் சவ்வின் மடிப்பில் ஒரு நகத்தின் அகலத்துக்குக் கீறல். விரலால் விரித்தால்தான் கண்ணுக்கே தெரிந்தது. சுற்றிலும் ஆயில் படலம். இருபது வருஷத்துக்கு மேல் சூட்டிலும் ஆயில் ஆவியிலும் கிடந்த ரப்பர் அதற்கு மேல் தாங்காது.

இந்த வால்வின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். டர்போ அழுத்தி அனுப்பும் காற்று அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக, எஞ்சினுக்குக் காற்றைத் திறந்து மூடும் திராட்டிலுக்கு வருகிறது. கியர் மாற்றக் காலை எடுத்தால் திராட்டில் மூடிவிடும், ஆனால் டர்போ இன்னும் சுழன்றுகொண்டேதான் இருக்கும். போக இடமில்லாத காற்று திரும்பி கம்ப்ரஸர் இறக்கைகளின் மேலேயே மோதும். அந்தச் சிறகடிப்புச் சத்தம் அதுதான். டர்போவின் தண்டும் த்ரஸ்ட் பேரிங்கும் அந்த அடியை வாங்குகின்றன, சுழற்சியும் குறைகிறது, அடுத்த கியரில் பூஸ்ட் எழத் தாமதமாகிறது. அந்த நேரத்தில் ஒரு கதவைத் திறந்து விடுவதுதான் வால்வு.

கதவைத் திறப்பது மேனிஃபோல்டில், அதாவது திராட்டிலுக்குப் பின்னால் எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்து விடும் குழாயில், உண்டாகும் வேக்கம். பூஸ்ட் இருக்கும்போது வால்வின் மேலேயும் கீழேயும் ஏறக்குறைய ஒரே அழுத்தம், அதனால் ஸ்பிரிங் ஒன்றே அதை மூடி வைக்கப் போதும். திராட்டில் மூடியதும் மேலே வேக்கம், கீழே இன்னும் பூஸ்ட், கதவு திறந்துகொள்கிறது. பூஸ்ட் கூட்டினால் கனமான ஸ்பிரிங் போட வேண்டும் என்று பலர் சொல்வதை நானும் நம்பியிருந்தேன். உண்மையில் ஸ்பிரிங்கை முதலில் எஞ்சின் ஐடிலில், அதாவது மிதிக்காமல் சும்மா ஓடும்போது, காட்டும் வேக்கத்துக்குத்தான் பொருத்த வேண்டும்.

பிப்ரவரியில் வெளியே ஊதும் வகையில் ஒன்று வாங்கினேன். பிஸ்டன் வகை, ஜப்பான் பிராண்டின் காப்பி, 120 வெள்ளி (ரிங்கிட்). ஞாயிற்றுக்கிழமை காலை பூட்டி எடுத்துக்கொண்டு போனேன். சத்தம் அருமை, மறுக்க மாட்டேன். ஆனால் காராக்கிலிருந்து இறங்கி கோம்பாக் டோலை நெருங்கி கிளட்ச்சை மிதித்ததும் ஆர்பிஎம் 500க்கு விழுந்து எஞ்சின் நின்றுவிட்டது. பின்னால் லாரி. கண்ணாடியில் பார்த்தால் ஒரு கொத்துக் கரும்புகை. அன்று மட்டும் மூன்று முறை இப்படி நின்றது.

காரணம் என் எஞ்சின் காற்றை அளக்கும் இடத்தில் இருக்கிறது. ஜிஎஸ்ஆரில் ஏர்ஃப்ளோ சென்சர் டர்போவுக்கு முன்னாலேயே, ஏர் ஃபில்டர் பெட்டியோடு ஒட்டி இருக்கிறது. கார்மன் வகை: காற்றோட்டத்தின் நடுவே ஒரு சிறு தடுப்பு, அதன் பின்னால் உண்டாகும் சுழிகளை எண்ணிக் காற்றின் அளவைக் கண்டுகொள்ளும். எண்ணி முடித்த காற்றை நான் வெளியே ஊதிவிட்டேன். எஞ்சினின் கணினியான ஈசியுவுக்கு அது தெரியாது, காற்று எஞ்சினுக்குள் வருகிறது என்று நினைத்து அதற்குத் தகுந்த பெட்ரோலை அடிக்கும். பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று காட்டும் வைட்பேண்ட் மீட்டர் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் 10ஐத் தொட்டுவிட்டு வந்தது. சாதாரண ஓட்டத்தில் அது 14.7 பக்கம் நிற்க வேண்டியது.

ஸ்பிரிங்கைத் திருத்தினால் சரியாகிவிடும் என்று இரண்டு வாரம் போராடினேன். வால்வின் தலையிலுள்ள ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி ஒவ்வொன்றையும் எழுதி வைத்தேன். தளர்வாக விட்டால் ஐடிலில் 18 அங்குல (பாதரச அளவு) வேக்கமே வால்வைத் திறந்துவிடுகிறது. வடிகட்டாத, எண்ணாத காற்று அந்தத் துளை வழியாக உள்ளே போய் ஆர்பிஎம் ஏறி இறங்கித் தள்ளாடுகிறது. ஏர்கோன் போட்டால் வேக்கம் 15க்கு இறங்குகிறது, வால்வு மூடிக்கொள்கிறது, ஐடில் அமைதியாகிறது. அணைத்தால் மறுபடியும் ஆட்டம். ஐடிலில் மூடியே இருக்கும்படி இறுக்கினால், ஜாலான் ஈப்போ நெரிசலில் லேசாக மிதித்து விடும்போது பழைய சிறகடிப்பு. வேகமாக ஓட்டிக் காலை எடுத்தால் எஞ்சின் நிற்பது எந்த அளவிலும் போகவில்லை. எண்ணிய காற்று வெளியே போகும்வரை ஸ்க்ரூ என்ன செய்யும்?

மார்ச்சில் மச்சான் ஒருவரின் ஒரிஜினல் எச்கேஎஸ் எஸ்எஸ்க்யூவியை, ஜப்பான் பிராண்டின் வெளியே ஊதும் வால்வை, இரவல் வாங்கினேன். இதன் அமைப்பு வேறு. மற்றவை போல் ஸ்பிரிங்கை மட்டும் நம்பாமல் அழுத்த வித்தியாசத்தைக் கொண்டு இயங்குகிறது. முதலில் ஒரு சிறிய வால்வு, வித்தியாசம் அதிகமானால் பெரியது. ஐடிலில் கச்சிதமாக மூடிக்கொண்டது, குறைந்த பூஸ்டிலும் சிறகடிப்பு இல்லை. வேலைப்பாட்டில் காப்பிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பிஸ்டனை விரலால் தள்ளிப் பார்த்தாலே தெரியும். ஆனால் டோலில் எஞ்சின் நிற்பது அப்படியே. அதே வால்வு அவருடைய புரோட்டோன் சாத்ரியா காடியில் குறையில்லாமல் ஓடுகிறது. அவர் ஏர்ஃப்ளோ சென்சரைக் கழற்றிவிட்டு, மேனிஃபோல்ட் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் தனி ஈசியு போட்டிருக்கிறார். அங்கே அளவு திராட்டிலுக்குப் பின்னால் எடுக்கப்படுகிறது, முன்னால் எவ்வளவு ஊதினாலும் கணக்குக் கெடாது.

நடுவில் பாதி வெளியே, பாதி உள்ளே விடும் இரட்டைத் துளை வகையும் ஒரு வாரம் ஓட்டினேன். எஞ்சின் நிற்பது குறைந்தது, போகவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இதற்கிடையில் டீசல் ஹைலக்ஸ் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் தனக்கும் ஒன்று பூட்டித் தரச் சொன்னார். டீசலில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது அடிக்கும் டீசலின் அளவு. காலை எடுத்ததும் காற்றை அடைக்கும் வேலை அங்கே இல்லை, திரும்பி மோதும் சிக்கலும் இல்லை. டீசலுக்கென்று விற்கும் செட்டுகள் பெரும்பாலும் சத்தத்துக்காக மின்சாரத்தால் திறப்பவை. இப்போது வரும் பல பெட்ரோல் டர்போ காடிகளில் ஈசியுவே சோலினாய்டு எனும் மின்காந்தச் சுவிட்ச் மூலம் வால்வைத் திறக்கிறது. அவற்றில் வேக்கம் ஹோஸ் தேடி நேரம் போக்க வேண்டாம்.

மே மாதம் ஹாஃப் கட் கடை ஒன்றில் ‘ஒன் ஜி’ என்று அழைக்கப்படும் மிட்சுபிஷி வால்வு கிடைத்தது. 1990 முதல் 1994 வரை வந்த முதல் தலைமுறை மிட்சுபிஷி எக்லிப்ஸ் காடியில் இருந்த உலோக உடல் வகை. அடுத்த தலைமுறைக்கு வந்த பிளாஸ்டிக் வால்வை விடக் கூடுதல் பூஸ்டைத் தாங்கும் என்று மிட்சுபிஷி ஓட்டுபவர்கள் தேடிப் போவது இதைத்தான். 80 வெள்ளி. கடையிலேயே மூக்கில் வாயை வைத்து உறிஞ்சினேன், நாக்கு ஒட்டியது. ஃபிளேஞ்சின், அதாவது குழாயோடு போல்ட் போட்டு இணைக்கும் தட்டையின், ஒரு துளையை ரவுண்ட் ஃபைலால் சற்று அகலப்படுத்த வேண்டியிருந்தது. கேஸ்கெட்டை நானே வெட்டினேன். வெளியேறும் வாயிலிருந்து ஒரு ஹோஸ், சென்சருக்குப் பின்னால், டர்போவுக்கு முன்னால் உள்ள குழாயில் போய்ச் சேர்கிறது. எண்ணிய காற்று மறுபடியும் எண்ணப்படாமல் டர்போவுக்கே திரும்புகிறது. வேக்கம் ஹோஸை மீட்டருக்குப் போகும் டீ வடிவ இணைப்பில் பங்கு போடாமல், மேனிஃபோல்டிலிருந்து தனியாக, குட்டையாக இழுத்தேன். அதற்குப் பிறகு வால்வு திறக்கும் வேகமே மாறியது.

சைக்கிள் பம்ப்பால் குழாயில் காற்றேற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஃபிளேஞ்ச் ஓரத்தில் இரண்டு குமிழி வந்தது, போல்ட்டை அரைச் சுற்று இறுக்கியதும் நின்றது.

அன்று மாலையே காராக் ஏறினேன். பூஸ்ட் 0.7 பார், அசையாமல் நின்றது. மூன்றிலிருந்து நாலுக்கு மாற்றும்போது ஃபில்டர் பெட்டிக்குள்ளிருந்து தணிந்த ஒரு ‘புஸ்’. வைட்பேண்ட் 10 பக்கம் போகவே இல்லை. கோம்பாக் டோலில் கிளட்ச்சை மிதித்தேன், ஆர்பிஎம் 850இல் வந்து உட்கார்ந்தது.

மச்சான் சத்தம் போச்சே என்று வருத்தப்பட்டார். எனக்கு அந்த 850 போதும். 1,000 கிலோமீட்டர் ஓடியதும் வால்வை மறுபடியும் கழற்றி, டயஃப்ரம் மடிப்பை விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும்.