கிரைண்டிங் செய்த கிராங்க்ஷாஃப்ட்டை மறுபடியும் பூட்டலாமா?

எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு ஐடிலில் ஆயில் விளக்கு மினுக்கத் தொடங்கியதும், பாரம் ஏறும்போது அடியிலிருந்து கனமான தட்டல் ஒலி கேட்டதும் பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராடின் பெரிய முனையிலுள்ள தாங்கி) போய்விட்டதற்கான அறிகுறிகள் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. மூன்றாவது சிலிண்டரின் இன்ஜெக்டர் குழாயைத் தளர்த்தியபோது தட்டல் அடங்கியது. ஆயில் சம்ப்பை இறக்கினால் அடியில் பேரிங் துகள்கள் மின்னின. இது நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின். பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க்ஷாஃப்ட்டை வெளியே எடுத்துப் பார்த்ததில் மூன்றாவது கிராங்க்பின்னில் (கனெக்டிங் ராட் பூட்டப்படும் உருளைப் பகுதி) நகத்தில் தட்டுப்படும் கீறல்கள் வரிவரியாக இருந்தன. மற்ற மூன்று பின்களிலும் மெல்லிய கோடுகள் மட்டுமே. ஷாஃப்ட் எஞ்சின் பிளாக்கில் தாங்கப்படும் மெயின் ஜர்னல்கள் பளபளப்பாகவே இருந்தன.

புது ஷாஃப்ட் வாங்குவதா, இதையே கிரைண்டிங் செய்து, குறைந்த விட்டத்துக்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போடுவதா என்ற கேள்வி அப்போது எழுந்தது. பழைய எஞ்சினிலிருந்து கழற்றிய ஷாஃப்ட் ஒன்றை வாங்கும் வழியும் இருந்தது. ஆனால் அதற்கும் இதே சோதனைகள் அனைத்தையும் செய்ய வேண்டும், அது எப்படி ஓடியது என்ற வரலாறும் தெரியாது என்பதால் அதை உடனே ஒதுக்கிவிட்டேன். கேட்ட இடங்களிலெல்லாம் இரண்டு விதமான பதில்களே கிடைத்தன. கிரைண்டிங் போட்ட ஷாஃப்ட் நிலைக்காது என்பது ஒன்று. பத்து தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் பத்து பங்கு, சுமார் 0.25 மி.மீ.) எடுப்பதெல்லாம் ஒரு விஷயமே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்பது இன்னொன்று. எல்லா ஷாஃப்ட்டும் ஒரே மாதிரி செய்யப்பட்டது போல இரு தரப்பும் பேசியதுதான் எனக்கு உறுத்தியது. எந்த உலோகம், எந்த வகையில் கடினப்படுத்தப்பட்டது, ஜர்னல் பக்கச்சுவரோடு சேரும் மூலைகள் எப்படி முடிக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பார்க்காமல் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது.

அளப்பதிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு ஜர்னலையும் இரு ஓரங்களிலும் நடுவிலும், ஒவ்வோர் இடத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளில் மைக்ரோமீட்டரால் அளந்து எழுதிக்கொண்டேன். ஒரே இடத்தில் இரண்டு திசைகளுக்கும் இடையே வரும் வித்தியாசம் நீள்வட்டத் தேய்மானத்தையும், ஓரத்துக்கு ஓரம் வரும் வித்தியாசம் கூம்புத் தேய்மானத்தையும் காட்டும். மெயின் ஜர்னல்கள் ஸ்டாண்டர்ட் அளவின் எல்லைக்குள்ளேயே இருந்தன. ஸ்டாண்டர்ட் விட்டம் 50 மி.மீ. உள்ள கிராங்க்பின்களில் மூன்றாவது மட்டும் 0.06 மி.மீ. நீள்வட்டமாகியிருந்தது, இந்த எஞ்சினின் கையேடு அனுமதிப்பது 0.03 மட்டுமே. பிறகு இரு கடைசி மெயின்களையும் வி-பிளாக்கில் தாங்கி, நடு மெயினில் டயல் கேஜ் வைத்துச் சுற்றினேன், முள் 0.02 மி.மீ. ஆடியது. டயல் காட்டும் மொத்த ஆட்டத்தில் பாதிதான் உண்மையான வளைவு என்பதால் ஷாஃப்ட் நேராகவே இருக்கிறது என்று முடிவு செய்தேன்.

எதனால் பேரிங் போனது என்று தெரியாமல் ஷாஃப்ட்டைச் சரி செய்வதில் பயனில்லை, புது ஷாஃப்ட்டும் அதே வழியில்தான் போகும். ஆயில் பம்பின் இடைவெளிகள் சரியாக இருந்தன. மெயினிலிருந்து மூன்றாவது பின்னுக்குச் சாய்வாகச் செல்லும் ஆயில் துளைக்குள் கம்பி விட்டபோது, எப்போதோ யாரோ சம்ப் மூட்டுக்குத் தாராளமாகத் தடவிய கேஸ்கட் பசையின் கெட்டியான துண்டு ஒன்று வெளியே வந்தது. பின்னின் நிறம் மாறியிருக்கவில்லை. பேரிங் ஓடு (பேரிங்கின் அரைவட்டத் தகடு) தன் இருக்கையில் சுழன்றதற்கான அடையாளமும் கனெக்டிங் ராடில் இல்லை. பின் நீலம் பாரித்திருந்தால் இந்த ஷாஃப்ட்டை அங்கேயே கைவிட்டிருப்பேன், ஏனெனில் அந்த அளவு சூடேறிய எஃகில் கடினத்தன்மையும் போயிருக்கும், வெப்ப விரிசல்களும் தோன்றியிருக்கக்கூடும்.

அடுத்துப் பார்த்தது கடினப்படுத்தலை. முடிவைப் பெரும்பாலும் நிர்ணயித்தது இதுவே. நைட்ரைடிங் (பரப்பில் நைட்ரஜனை ஏற்றிக் கடினப்படுத்துவது) செய்த ஷாஃப்ட்டில் கடினமான மேல்தோல் ஒரு மில்லிமீட்டரின் பின்ன அளவுக்குத்தான் இருக்கும். உப்புத் தொட்டியில் செய்யப்படும் சில வகைகளில் மிகக் கடினமான வெளிப்படலம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு தடிமன்தான். அதைக் கிரைண்டிங் செய்தால் தேய்மானத்தைத் தாங்கும் பரப்பு போவதோடு, களைப்பு முறிவை (திரும்பத் திரும்ப வரும் பாரத்தால் ஏற்படும் முறிவு) எதிர்த்து நிற்கும் அமுக்க இறுக்கமும் போய்விடும். ஷாஃப்ட்டை மறுபடியும் நைட்ரைடிங் செய்தாக வேண்டும். இண்டக்‌ஷன் முறையில் (மின்தூண்டலால் சூடாக்கி உடனே குளிர்வித்து) கடினப்படுத்திய ஜர்னலில் கடினம் சில மில்லிமீட்டர் ஆழம்வரை இறங்கியிருப்பதால், 0.25 அல்லது 0.50 மி.மீ. அண்டர்சைஸ் அதைப் பெரிதாகப் பாதிக்காது. இதில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: அண்டர்சைஸ் எண் விட்டத்தைக் குறிப்பது, பரப்பிலிருந்து உண்மையில் எடுக்கப்படும் ஆழம் அதில் பாதிதான். மூலைகளை உருளையால் அழுத்தி வலுப்படுத்திய ஷாஃப்ட்டுகளும் உண்டு. அவற்றில் மூலையை வெட்டினால் அந்த வலு போய்விடும் என்பதால், கிரைண்டிங்கே கூடாது என்று சில தயாரிப்பாளர்கள் எழுதிவிடுகிறார்கள். எனது எஞ்சினின் கையேடு இண்டக்‌ஷன் என்று தெளிவாகவே சொன்னது, 0.25, 0.50 என்ற இரண்டு அண்டர்சைஸ் அளவுகளையும் அனுமதித்தது. கையேடு ஒன்றும் சொல்லாமல், அண்டர்சைஸ் பேரிங்கும் சந்தையில் இல்லாமல் இருந்தால் அதையே 'வேண்டாம்' என்ற பதிலாக எடுத்துக்கொள்வது நல்லது.

ஷாஃப்ட்டைக் காந்தமாக்கி இரும்புத் தூளால் விரிசல் தேடும் காந்தத் துகள் சோதனையில் எதுவும் தென்படவில்லை. இதைக் கிரைண்டிங்குக்கு முன்பு ஒருமுறையும் பின்பு ஒருமுறையும் செய்ய வேண்டும். முன்பு செய்வது வீண் செலவைத் தடுக்கும், பின்பு செய்வது கிரைண்டிங் சூட்டில் புதிதாகத் தோன்றிய நுண்விரிசலைக் காட்டும். இரண்டு முறையும் ஷாஃப்ட்டிலிருந்து காந்தத்தை நீக்கிவிட்டார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும், இல்லையேல் எஞ்சினில் பறக்கும் இரும்புத் தூளையெல்லாம் அது தன்பால் இழுத்து வைத்துக்கொள்ளும்.

பட்டறையில் மெயின்கள், பின்கள் இரண்டையும் சேர்த்தே 0.25 எடுத்துவிடலாம் என்றார்கள். நான் இசையவில்லை. மெயின் செட்டும் பிக் எண்ட் செட்டும் தனித்தனியாகக் கிடைப்பவை. மெயின் ஸ்டாண்டர்டிலும் பின் அண்டர்சைஸிலும் இருப்பதில் எந்தத் தடையும் இல்லை. நல்ல நிலையிலுள்ள பரப்பை ஒழுங்குக்காக வெட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பின்கள் நான்கையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது, மெயின்களை பாலிஷ் மட்டும் செய்வது, ஒவ்வொரு பின்னின் மூலையிலும் கையேடு சொல்லும் 3 மி.மீ. ஆரமுள்ள வளைவைக் காப்பது என்று எழுதியே கொடுத்தேன். பேரிங் செட்டையும் உடன் கொடுத்தேன், அச்சிட்ட அளவை நம்பி அரைப்பதைவிடக் கையிலுள்ள ஓட்டுக்குப் பொருந்துமாறு அரைப்பது மேல்.

திரும்பி வந்த ஷாஃப்ட்டில் விட்டம் குறை சொல்ல முடியாதபடி இருந்தது. நான்கு பின்களும் ஒன்றுக்கொன்று சில மைக்ரான்களுக்குள். ஆனால் ரேடியஸ் கேஜை (வளைவின் ஆரத்தைப் பார்க்கும் தகடுகள்) மூலையில் வைத்தபோது இரண்டு பின்களில் 3 மி.மீ. தகடு உட்காரவில்லை, 2.5 மி.மீ. தகடுதான் பொருந்தியது. கிரைண்டிங் கல்லின் ஓரத்தைச் சரியாகச் சீவாமல் ஓட்டியிருக்கிறார்கள். அரை மில்லிமீட்டர்தானே என்று அவர்கள் நினைத்ததில் வியப்பில்லை, ஏனெனில் அந்த ஷாஃப்ட் அப்படியே பூட்டினாலும் சுழலும், ஆயில் அழுத்தமும் நன்றாகவே காட்டும். ஆனால் கிராங்க்ஷாஃப்ட் முறிவது பெரும்பாலும் ஜர்னலின் நடுவிலல்ல, ஜர்னலும் வெப்பும் (ஜர்னல்களை இணைக்கும் பக்கத் தகடு) சேரும் அந்த மூலையில்தான். வளைவு குறையக் குறைய அழுத்தம் அங்கே குவியும், ஒவ்வொரு எரிப்புக்கும் ஒருமுறை வளைந்து நிமிரும் உலோகம் அங்கிருந்துதான் விரிசல் விடத் தொடங்கும். அளவு பார்க்கும் பலரும் மைக்ரோமீட்டரோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் கவலை. இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு: வளைவு மிகப் பெரிதாகிவிட்டால் பேரிங் ஓட்டின் ஓரம் அதன்மேல் ஏறி உட்கார்ந்து தேயும்.

இந்த இடத்தில் மறுபடியும் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. 0.50க்கு இறங்கினால், விட்டம் இன்னும் கால் மில்லிமீட்டர் குறையும்போது, சரியாகச் சீவிய கல்லால், வெப்பின் பக்கச்சுவரை லேசாகத் தொட்டு, 3 மி.மீ. வளைவை மீட்டுவிட முடியும். வித்தியாசம் சிறிது என்பதால்தான் இது சாத்தியம், மூலை 1.5 மி.மீ. அளவுக்குக் கூர்மையாகியிருந்தால், வளைவை மீட்க வெப்பின் பக்கச்சுவரை ஆழமாக வெட்ட வேண்டியிருக்கும், கனெக்டிங் ராடின் பக்க இடைவெளி கெட்டுப்போகும், நான் புது ஷாஃப்ட்டுக்கே போயிருப்பேன். வலிமைக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். வளைக்கும் விசையைத் தாங்கும் திறன் விட்டத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது, 50 மி.மீ. பின் 49.50 ஆகும்போது அது ஏறத்தாழ 3 விழுக்காடு குறைகிறது, 49.75இல் அது ஒன்றரை விழுக்காடாக இருந்திருக்கும். கையேடே அனுமதித்த இந்தச் சிறு இழப்பைவிட, கூர்மையான மூலையை விட்டுவைப்பது பெரிய ஆபத்து என்று எனக்குப் பட்டது. வாங்கிய 0.25 பேரிங் செட்டைத் திருப்பிக் கொடுத்து 0.50 எடுத்தேன். பட்டறையினரும் முகம் சுளிக்காமல் மறுபடி செய்து தந்தார்கள்; இம்முறை எல்லா மூலைகளிலும் தகடு ஒளி தெரியாமல் உட்கார்ந்தது.

ஆயில் துளைகளின் வாயில் கூர்மை இல்லாமல் சிறு சரிவு எடுத்து, பிறகு பாலிஷ் செய்திருந்தார்கள். கூர்மையான வாய் பேரிங்கைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். வார்ப்பு ஷாஃப்ட் வைத்திருப்பவர்கள் பாலிஷ் செய்யும் திசையையும் கேட்டுக்கொள்வது நல்லது: கிரைண்டிங்கில் கிராஃபைட் உருண்டைகளைச் சுற்றி மேலெழும் நுண்பிசிறுகள், எஞ்சினில் ஷாஃப்ட் சுழலும் திசையைப் பார்த்து நின்றால் பேரிங்கை அரம்போல ராவிவிடும். என்னுடையது ஃபோர்ஜிங் செய்த (அச்சில் அடித்து உருவாக்கிய) எஃகு. பக்கவாட்டில், அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்திலுள்ள அகலமான பிரிகோட்டுத் தடம் அதைக் காட்டியது. வார்ப்பில் அந்தக் கோடு மெல்லியதாக இருக்கும்.

துளைகளின் அடைப்பான்களைக் கழற்றி, மண்ணெண்ணெயும் நீண்ட பிரஷும் கொண்டு ஒவ்வொரு துளையையும் தேய்த்துக் காற்றடித்தேன். வெள்ளைத் துணி கறைபடாமல் வெளியே வரும்வரை விடவில்லை. பட்டறையில் கழுவியதாகச் சொன்னாலும் கிரைண்டிங் தூள் அந்தச் சாய்வுத் துளைகளில் தங்கியே இருந்தது. ராடுகளின் பெரிய துளைகளை பேரிங் இல்லாமல், போல்ட்டைக் குறித்த டார்க்கில் இறுக்கி அளந்ததில் நான்கும் வட்டமாகவே இருந்தன. பிறகு ஓடுகளைப் போட்டு பிளாஸ்டிகேஜ் இழை (நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் மென்மையான இழை) வைத்து இறுக்கிப் பிரித்துப் பார்த்தேன். பொதுவாக விட்டத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி என்பது கைக்கணக்கு, எனக்கு 0.045க்கும் 0.055 மி.மீ.க்கும் இடையில் வந்தது, கையேட்டின் எல்லைக்குள் நடுவாக. த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்திருந்ததால் அவற்றை மாற்றியதும் ஷாஃப்ட்டின் முன்பின் ஆட்டமும் சரியானது.

பூட்டி முடித்து, இன்ஜெக்டருக்கு எரிபொருள் போகாமல் ஸ்டார்ட்டரால் சுற்றி ஆயில் அழுத்தம் ஏறுவதைப் பார்த்த பிறகே எஞ்சினைக் கிளப்பினேன். சூடேறிய நிலையில் ஐடிலில் 20 பி.எஸ்.ஐ.க்குக் குறையாமல் நின்றது, தட்டல் இல்லை. முதல் ஆயில் மாற்றத்தின்போது ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பார்த்ததில் தொடக்க ஓட்டத்தின் மெல்லிய சாம்பல் பூச்சு மட்டும் இருந்தது, துகள் எதுவும் இல்லை. இந்த எஞ்சினுக்கு 0.50தான் கடைசி அண்டர்சைஸ். ஆகவே அடுத்தமுறை பின்கள் போனால் கிரைண்டிங் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதை, அளவுக் குறிப்புகளோடு சேர்த்து எஞ்சின் கையேட்டின் உள்ளட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.